பாட்டில் பளபளப்பு முகத்தில் நிற்க வேண்டுமே!

திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். முதல் குழந்தைக்குப் பத்து மாதம். ஐந்து வாரத்தில் தம்பிக்குக் கல்யாணம். நாத்தனார் ஆசையாக ஒரு லிக்விட் ஃபவுண்டேஷன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாட்டில் மேலே 'ரேடியன்ட்' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறதாம். "ஒரு நாள் பூசிப் பார்த்தேன். பளபளப்பாவது ஒண்ணாவது! மூக்கோரமும் வாயோரமும் சுண்ணாம்பு பொரிந்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. என் முகத்துக்கு இதெல்லாம் ஒத்து வராதா, இல்லை பாட்டில்தான் மட்டமா? சம்பந்தி வீட்டார் முன்னால் சோர்ந்த முகத்தோடு நிற்கப் பிடிக்கவில்லை" என்று கேட்கிறார்.

பாட்டிலையும் குற்றம் சொல்ல வேண்டாம், முகத்தையும் குற்றம் சொல்ல வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை விட்டுப் போயிருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொள்ள, அதே ஜாதி சரக்கு ஒன்றை 30 மில்லி பாட்டிலாக வாங்கி, இரண்டு வாரம் உபயோகித்துப் பார்த்தேன். என்னுடையது ஐம்பதைத் தாண்டிய சருமம். எனவே துணைக்குப் பக்கத்து வீட்டு மருமகளையும் சேர்த்துக்கொண்டேன். அவளுக்கு 28 வயது, கைக்குழந்தைக்காரி. இருவருக்குமே வறண்ட சருமம்தான். போதாக்குறைக்கு எங்கள் தெருவில் எல்லாருக்கும் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக அலசுப்படாமல் தோலிலேயே தங்கி, இருக்கிற வறட்சியைக் கூட்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதலில், பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது? தண்ணீர், கிளிசரின், வழுவழுப்புக்கு சிலிகோன் எண்ணெய். நிறத்துக்கு இரும்பு ஆக்ஸைடு: சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று தினுசு. நம் பழைய வீடுகளின் சிவப்புத் தரைக்குப் போடுகிற ரெட் ஆக்ஸைடுக்கு உறவுக்காரன்தான்! (முகத்துக்கு வருவது நன்கு சுத்தம் செய்த சரக்கு, பயப்படாதீர்கள்.) மூடி மறைக்க, டைட்டானியம் டையாக்ஸைடு என்கிற வெள்ளைப் பொடி. 'ரேடியன்ட்' என்ற பட்டத்தைப் பெரும்பாலும் வாங்கித் தருவது மைக்கா, அதாவது நம்முடைய காக்காப்பொன். கண்ணுக்குத் தெரியாத அளவில் பொடித்த சின்னச் சின்ன தகடுகள், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன. அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது நம் தோலைப் பாருங்கள். மேல்தோலின் வெளிப்பக்கத்தில் செத்த செல்கள் ஓடு வேய்ந்தாற்போல அடுக்கியிருக்கின்றன. அவற்றில் ஈரமும் எண்ணெய்ப் பசையும் இருக்கிற வரைக்கும் பரப்பு சமமாக இருக்கும். வெளிச்சம் பட்டால் மினுக்கும். ஈரம் போனால் ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு வெளிச்சத்தைக் கன்னாபின்னாவென்று சிதறடிக்கும். நாம் 'முகம் டல்லடிக்கிறது' என்கிறோமே, அதில் பாதிக்கு மேல் இந்தச் சமாசாரம்தான். தூக்கி நிற்கிற அந்த ஓரங்களின் மேல் ஃபவுண்டேஷனைப் பூசினால், நிறம் போய் இடுக்குகளில் உட்காரும். கூடவே காக்காப்பொன் தகடுகள் ஒவ்வொரு செதிலையும் விளக்குப் போட்டுக் காட்டிவிடும். மறைக்க வந்தது காட்டிக் கொடுத்து விடுகிறது!

இதைப் பரீட்சை பண்ணிப் பார்க்க ஒரு யுக்தி செய்தோம். முதல் நாலு நாள், குளித்த முகம் ஈரம் உலருமுன் இடது கன்னத்துக்கு மட்டும் கிரீம். வலது கன்னத்துக்கு ஒன்றும் கிடையாது. பத்து நிமிஷம் பொறுத்து இரண்டு பக்கமும் ஒரே அளவு ஃபவுண்டேஷன். பூசியவுடன் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பதினோரு மணிக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள் அந்தப் பெண். "அக்கா, வலது பக்கம் காய்ஞ்ச சேறு மாதிரி இழுக்குது. சிரிச்சா வெடிச்சிடும் போலிருக்கு!" என் கண்ணாடியும் அதையேதான் சொல்லிற்று. வலது பக்கத்தில், நான் இருக்கிறது என்றே அறியாத கோடுகள் எல்லாம் எட்டிப் பார்த்தன. இடது கன்னமோ நேற்றுத்தான் நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு பக்கமும் கிரீம், காலையிலும் இரவிலும். விலை உயர்ந்த கிரீம் இல்லை. கிளிசரினும் பெட்ரோலியம் ஜெல்லியும் கலந்த, வாசனை இல்லாத சாதாரண கிரீம். ஒரு பங்கு கிளிசரினை மூன்று பங்கு பன்னீரில் கலந்து தடவினாலும் சரிதான். ஆனால் கிளிசரினைத் தனியாக வறண்ட முகத்தில் பூச வேண்டாம், பிசுபிசுக்கும். வெந்நீரில் முகம் கழுவுவதை நிறுத்தினோம். பயத்தம்மாவு நல்லதுதான், ஆனால் தினமும் தேய்த்தால் இருக்கிற எண்ணெயையும் வாங்கிக்கொண்டு போய்விடும். வாரம் இரண்டு நாள், பாலேட்டில் குழைத்துப் போட்டால் போதும். எலுமிச்சம்பழத்தை முகத்துக்குக் கொண்டு போகவே போகாதீர்கள், அது ரசத்துக்கு!

இரண்டாவது வாரம் எங்களுக்கே ஆச்சரியம். பாட்டிலின் தேவை பாதியாகக் குறைந்துவிட்டது. முகம் முழுக்கப் பூசவே தோன்றவில்லை. கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், வாயைச் சுற்றி என்று ஒரு பட்டாணி அளவு எடுத்து விரலால் ஒற்றினால் சரியாக இருந்தது. மேல்தோல் புதிதாக மாறச் சுமார் ஒரு மாதம் பிடிக்கும். ஆகவே ஐந்து வாரம் கையில் இருக்கிற திருச்சிச் சகோதரி இன்றைக்கே ஆரம்பித்தால் நேரம் தாராளம்.

ஆனால் அவருக்கு இதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்: "முடியும் கொத்துக் கொத்தாகப் போகிறது. முன்னைப் போல் வேலை ஓடவில்லை, மின்விசிறிக் காற்றே குளிர்கிறது. எல்லாம் பிள்ளை பெற்ற உடம்பு என்று மாமியார் சொல்கிறார்." மாமியார் சொல்வது பாதி சரி. பிரசவமாகி மூன்று நாலு மாதத்தில் முடி கொட்டுவது சகஜம், தானாகவே நிற்கும். ஆனால் பத்தாவது மாதத்திலும் முடி, களைப்பு, குளிர், வறண்ட தோல் எல்லாம் ஒன்றாகக் கை கோத்துக்கொண்டு வந்தால் அது கிரீமுக்கு அடங்குகிற விஷயம் இல்லை. பிரசவத்துக்குப் பிந்திய முதல் வருஷத்தில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி மந்தப்படுவதுண்டு. மலச்சிக்கல், காரணமில்லாமல் எடை ஏறுவது, மனசு கனத்துப் போவது இவையும் சேர்ந்து வரலாம். 'டி.எஸ்.எச்.' என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

கூடவே ஹீமோகுளோபினும் பார்த்து விடுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேர் ரத்தசோகைக்காரர்கள். நூற்றுக்கு ஐம்பத்தேழு! நாம் 'முகத்தில் களை இல்லை' என்று அலுத்துக்கொள்கிற எத்தனை முகங்கள் இந்தக் கணக்கில் இருக்கும், யோசித்துப் பாருங்கள். கீழ் இமையை இழுத்துப் பார்க்கையில் உள்பக்கம் வெளிறியிருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் நிச்சயம் செய்ய ரத்தப் பரிசோதனைதான் வழி. இந்தச் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு. டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் அதைக் காப்பி, டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. கல்யாண வேலைக்கு நடுவே இதற்கெல்லாம் யார் போவது என்று தள்ளிப் போடாமல், புடவைக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகிற அன்றைக்கே இதையும் முடித்துவிடுங்கள், சகோதரி.

சரி, பாட்டிலுக்குத் திரும்புவோம். அடுத்த தொல்லை நிறம். நான் வாங்கப் போன கடையில் அந்தப் பெண் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. என்னைவிட இரண்டு படி வெளுத்த பாட்டிலை எடுத்து, "இதுதான் மேடம் உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். வெளுத்த நிறங்களில் அந்த வெள்ளைப் பொடிதான் ஜாஸ்தி. நம் மாநிறத்தின் மேல் அது விபூதி பூசியது போலச் சாம்பல் பூத்து நிற்கும். 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. நம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் மட்டும் அந்த மனசு இன்னும் மாறக் காணோம்! கையின் மேல் தடவிப் பார்த்து வாங்காதீர்கள், கைக்கு ஒரு நிறம், முகத்துக்கு ஒரு நிறம். தாடை எலும்பின் மேல் மூன்று கோடு இழுத்து, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். எந்தக் கோடு கழுத்தோடு கலந்து காணாமல் போகிறதோ, அதுதான் உங்களுடையது. சில சரக்கு காற்றுப் பட்டால் ஒரு படி கறுக்கும். அதற்குத்தான் அந்தப் பத்து நிமிஷம். நாத்தனார் கொடுத்தது வெளுப்பாக இருந்தால் கிரீமில் ஒரு சொட்டுக் கலந்து பூசலாம், அவர் மனமும் நோகாது.

புதுப் பாட்டிலை நேரே முகத்துக்குக் கொண்டு போகாமல், முழங்கையின் உள்மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் வேண்டாம். 'எஸ்.பி.எஃப்.' என்று எண் போட்டிருக்கிறதே, வெயிலுக்கு அதுவே போதுமா என்றால், போதாது. அந்த எண்ணைக் கணக்கிடச் சோதனைச்சாலையில் பூசுகிற கனத்துக்கு நாம் பூசினால் முகம் அப்பளம் மாதிரி ஆகிவிடும்! வெயிலில் போனால் தனியாகச் சன்ஸ்கிரீன் வேண்டும். ஆனால் வரவேற்பில் ஃப்ளாஷ் போட்டுப் படம் பிடிக்கும்போது, வெள்ளைப் பொடி அதிகமுள்ள எஸ்.பி.எஃப். சரக்கு முகத்தை மட்டும் தனியே வெளுத்துக் காட்டிவிடும். முதல் நாளே வீட்டில் பூசிக்கொண்டு, ஃப்ளாஷோடு செல்போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்து விடுங்கள். மேலே பவுடர் போடும் பழக்கம் நமக்கு எளிதில் விடாது. போட்டே ஆக வேண்டுமென்றால் நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் போடுங்கள்; கன்னத்தில் போட்டால் காசு கொடுத்து வாங்கிய பளபளப்பு அங்கேயே செத்துவிடும்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தை கன்னத்தோடு கன்னம் இழையும், மூக்கைச் சப்பும். பால் கொடுக்கிற நேரத்தில் முகத்தில் எதுவும் இல்லாமலிருப்பது உத்தமம். மண்டபத்தில் அப்படி முடியாவிட்டால் ஈரத்துணியால் ஒரு துடை. இரவு எவ்வளவு நேரமானாலும் அதோடு படுக்காதீர்கள். நாலு சொட்டுத் தேங்காயெண்ணெயை விரலால் வட்டமாகத் தேய்த்து, பஞ்சில் துடைத்து, பிறகு மிதமான சோப்பில் கழுவினால் சுத்தமாக வந்துவிடும். பரு வருகிற முகமாக இருந்தால் மட்டும் தேங்காயெண்ணெய் வேண்டாம். கழுவியதும், ஈரம் உலருமுன், அதே கிரீம்.

பாட்டிலின் பின்பக்கம் திறந்த டப்பி போல ஒரு சின்னப் படமும், அதற்குள் 12எம் அல்லது 6எம் என்றும் போட்டிருக்கும். திறந்தபின் அத்தனை மாதம்தான் ஆயுசு. இன்றைய தேதியை ஒரு பேனாவால் மூடியில் எழுதி வையுங்கள்.