மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை



ஆவணி, புரட்டாதி மாதங்களில் எமக்கு வரும் கடிதங்களில் கிணற்றைப் பற்றியவைதான் அதிகம். இம்முறை தேவிபுரம், வள்ளிபுனம், கைவேலி ஆகிய இடங்களிலிருந்து எழுதிய மூன்று பேரும் ஏறக்குறைய ஒன்றையே கேட்டிருக்கிறார்கள். சுவிச்சைப் போட்டால் மோட்டர் ஓடுகிறது, ஆனால் மேலே தாங்கி நிரம்புவதில்லை. திருத்த வந்த ஒருவர், மோட்டர் பழுது, புதிதுதான் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனதாகக் கைவேலிச் சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், கச்சான் விற்ற காசு கொஞ்சம் கையில் இருக்கிறது. அதைக் கொடுத்து வாங்குவதா என்பது அவருடைய கேள்வி.

இப்போதைக்கு வாங்க வேண்டாம், சகோதரி. ஓடுகிற மோட்டர் பெரும்பாலும் நல்ல மோட்டர்தான். பிழை கிணற்றுக்குள்ளோ குழாயிலோ இருக்கும். அதைப் பார்ப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

வன்னியில் 1990 இற்குப் பின் நீண்ட காலம் மின்சாரம் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பம்மை வைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிய அம்மாமார் இன்றும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். இயந்திரத்தை இயக்குமுன் பம்முக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்களே, ஏன் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பம்முக்குள் சுழலும் சில்லு தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளாது. உறிஞ்சும் குழாயிலும் பம்மிலும் தண்ணீர் நிறைந்திருந்தால்தான் அது கிணற்றுத் தண்ணீரை இழுக்கும். உள்ளே காற்று இருந்தால் நாள் முழுக்கச் சும்மா சுற்றும். மின் மோட்டருக்கும் இதே கதைதான்.

அந்தத் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் வடியாமல் பிடித்து வைத்திருப்பது, குழாயின் அடி நுனியில் இருக்கும் புட்வால்வு. மேலே போகும் தண்ணீருக்கு மட்டும் திறந்து, கீழே வரும்போது மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவு அது. அதைச் சுற்றிச் சல்லடை இருக்கும்.

இனிப் பார்க்கும் முறை. முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது. பம்மின் தலையில் ஒரு மூடி திருகியிருக்கும். அதைத் திறந்து, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் பொறுத்திருங்கள். தண்ணீர் நின்ற மட்டத்திலேயே நின்றால் புட்வால்வு நல்லது, அந்தப் பக்கக் குழாயும் நல்லது. மூடியை இறுக்கிவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள், பல வீடுகளில் பிரச்சினை இதோடு முடிந்துவிடும். தண்ணீர் இறங்கிக்கொண்டே போனால் ஒன்றில் புட்வால்வு ஒழுகுகிறது, அல்லது நிலத்துக்கு மேலே ஏதோ ஒரு மூட்டு ஒழுகுகிறது. மூட்டு ஒழுகினால் அந்த இடம் நனைந்திருக்கும், கையால் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். எங்கும் ஈரம் இல்லையென்றால் குழாயை மேலே தூக்கவேண்டியதுதான்.

இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். கட்டில் ஏறி நிற்க வேண்டாம். சல்லடையில் வேப்பம் இலையும் பாசியும் மணலும் அப்பியிருக்கும், பழைய பல்துலக்கியால் உரஞ்சிக் கழுவுங்கள். உள்ளே இருக்கும் றப்பர் வாசருக்கு நடுவில் ஒரு சின்னக் கல் மாட்டுப்பட்டிருந்தாலும் வால்வு மூடாது. றப்பர் வெடித்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம், முழு வால்வையே மாற்றினாலும் புது மோட்டரின் விலையோடு பார்க்க அது சிறு தொகை. திரும்ப இறக்கும்போது வால்வு சேற்றைத் தொடாமல் அடியிலிருந்து ஒரு முழமாவது மேலே தொங்கட்டும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பகுதிக் கிணறுகள் 2009 இற்குப் பின் மீள்குடியேற்றத்தின்போது துப்பரவாக்கப்பட்டவைதான். ஆனாலும் குழாயோடோ சேற்றோடோ இன்னதென்று தெரியாத இரும்புப் பொருள் ஏதாவது வந்தால் கையால் தொடாதீர்கள், கழுவிப் பார்க்காதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

உறிஞ்சும் பக்கத்து மூட்டில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் அதனூடாகக் காற்றுப் போகும். அப்போது தண்ணீர் வந்து வந்து நிற்கும், நுரையும் குமிழியுமாக வரும். எஸ்லோன் குழாய் என்றால் அந்த மூட்டை வெட்டிப் புதிதாகக் கம் பூசி ஒட்டுவதே சரி. அவசரத்துக்குச் சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் கிழித்து இறுகச் சுற்றிவிட்டால் சில நாளைக்குத் தாங்கும்.

எல்லாம் சரி, ஆனாலும் தண்ணீர் வரவில்லை என்கிறார் வள்ளிபுனச் சகோதரி. மாரியில் நன்றாக இழுத்த மோட்டர் ஆவணியில் இழுக்கவில்லையாம். அப்படியானால் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, பம் இருக்கும் இடத்திலிருந்து தண்ணீர் மட்டம்வரை அளந்து பாருங்கள். 25 அடியைத் தாண்டினால் மேலே இருந்து உறிஞ்சும் பம் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. பெரிய மோட்டர் வாங்கினாலும் இதுதான் நிலைமை. கடைக்காரர் வேறு மாதிரிச் சொன்னால் நம்பவேண்டாம்.

இது இன்று நேற்றுத் தெரிந்த விடயம் அல்ல. இத்தாலிய அறிஞர் கலிலியோவின் நூலொன்று 1638 இல் வெளிவந்தது. அதில் வரும் ஒருவர், ஒரு நீர்த்தொட்டியில் பூட்டியிருந்த பம் தண்ணீர் மட்டம் இறங்கியதும் இழுக்க மறுத்ததைச் சொல்கிறார். பம் பழுதாகிவிட்டது என்று நினைத்துத் திருத்துகிறவரைக் கூப்பிட, பம்மில் பிழை இல்லை, தண்ணீர்தான் கீழே போய்விட்டது, 18 முழத்துக்கு மேல் எந்தப் பம்மும் உறிஞ்சாது என்று அந்தத் தொழிலாளி சொல்லியிருக்கிறார். அவர்களின் முழம் எங்களுடையதைவிட நீளம், எல்லாமாக ஏறக்குறைய 34 அடி வரும். உண்மையில் பம் தண்ணீரை இழுப்பதில்லை, கிணற்றுத் தண்ணீரின்மேல் காற்று தன் பாரத்தால் அமுக்குவதால்தான் அது குழாயில் ஏறுகிறது. காற்றுக்குப் பாரம் உண்டு என்று கலிலியோவின் வழிவந்த தொறிசெல்லி 1644 இல் எழுதினார். காற்றின் பாரத்துக்கு 34 அடிதான் எல்லை. குழாயின் உராய்வும் சிறு ஒழுக்குகளும் சேர, எங்களுக்குக் கிடைப்பது 25 அடி. அந்தத் தொழிலாளியைப் போல உண்மையைச் சொல்பவர் கிடைத்தால் அவருக்குக் கூலி கொடுக்கத் தயங்க வேண்டாம்.

தண்ணீர் இறங்கினால் பம்மைக் கீழே இறக்குவோம் என்ற எண்ணம் இயல்பாக வரும். மின் மோட்டரை, தொழில் தெரிந்தவரைக் கொண்டு, கிணற்றின் உட்பக்கம் உறுதியான தட்டுப் பூட்டி இறக்கலாம். ஆனால் மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ ஓடும் பம்மை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி இயக்கக்கூடாது. அதன் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கிவிடும். இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஒரே கிணற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்கள் இப்படிப் போயிருக்கின்றன. மகனோ தம்பியோ “ஒரு நிமிசந்தானே அக்கா” என்று இறங்கப் போனால் விடாதீர்கள். ஏற்கெனவே ஒருவர் உள்ளே மயங்கிவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். சத்தமிட்டு அயலைக் கூப்பிட்டு 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

சில மோட்டர்கள் ஓடாமல் “ம்ம்” என்று உறுமும். உடனே அணைத்துவிடுங்கள், உறுமவிட்டால்தான் கொயில் எரியும். நீண்ட நாள் பாவிக்காததால் உள்ளே இறுகியிருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்பக்க விசிறியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்பியும் ஓடவில்லையென்றால் கப்பாசிற்றர் போயிருக்கலாம். அதை மாற்றப் பெருஞ்செலவு இல்லை. ஆனால் கரண்டைக் கழற்றிய பின்னரும் அது அடிக்கக்கூடும், ஆகவே தெரிந்தவரே தொடட்டும். எரிந்த மணம் வந்தால் மட்டுமே கொயில் பற்றிக் கதைக்கவேண்டும். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பொருளை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள்.

தண்ணீர் இல்லாமல் மோட்டரைத் தொடர்ந்து ஓடவிடுவதும் கூடாது. உள்ளிருக்கும் சீல் தண்ணீரால்தான் குளிர்கிறது, சில நிமிடங்களிலேயே அது கருகிவிடும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் சுவிச்சைத் தொடாதீர்கள். வேலிக் கதியாலில் கட்டி இழுத்த வயரும் ரேப் சுற்றிய மூட்டும் உள்ள வீட்டில், மோட்டரைப் பார்க்குமுன் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள்.

தேவிபுரச் சகோதரியின் வீட்டில் மட்டும் கதை வேறு. பம்மிலிருந்து தண்ணீர் நன்றாகப் புறப்படுகிறது, தாங்கிக்குத்தான் போகவில்லை. வழியில் உள்ள அடைப்பு வால்வைப் பிள்ளைகள் யாரும் பூட்டிவிட்டார்களா, தாங்கியின் மிதவை மேலே சிக்கி நிற்கிறதா என்று பாருங்கள். கனடாவில் பாத்திரம் கழுவும் இயந்திரம் தண்ணீர் எடுக்காவிட்டால் அங்குள்ள எங்கள் பிள்ளைகளும் முதலில் பார்ப்பது இதையேதான்: குழாய் திறந்திருக்கிறதா, வடி அடைத்திருக்கிறதா, மிதவை சிக்கியிருக்கிறதா.

ஒரு பைப் றெஞ்ச், ஒரு ஸ்குறூ டிரைவர், ஒரு குறடு, திறெட் ரேப் ஒரு சுருள். இவற்றை வீட்டுக்கு வீடு வாங்கத் தேவையில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு தொகுதி வாங்கி வைத்து, பதிவேட்டில் எழுதி எடுத்துப் பாவிக்கலாம். பம்மைக் கிணற்றுக்குள் தட்டில் இறக்கியவர்கள் ஐப்பசி மழை தொடங்குமுன் மேலே எடுத்துவிடுங்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஓரிரு நல்ல மழைக்கே தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்துவிடும்.