ஹெரேரோ மக்களிடம் நேரில் பேசட்டும் ஜெர்மனி

1904 ஆகஸ்டில், இன்று நமீபியாவாக இருக்கும் அன்றைய ஜெர்மன் காலனியில், வாட்டர்பெர்க் போரில் தோற்ற ஹெரேரோ மக்கள், குழந்தை குட்டிகளோடும் மாடுகளோடும் ஓமஹேகே பாலைவெளிக்குள் ஓடினார்கள். பின்தொடர்ந்த ஜெர்மன் படை நீர்நிலைகளை மறித்துக்கொண்டது. அக்டோபர் 2 அன்று தளபதி லோதார் ஃபொன் டிரோத்தா எழுத்துமூலமாகவே ஆணையிட்டார்: ஜெர்மன் எல்லைக்குள் தென்படும் ஹெரேரோ எவரும், கையில் துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுடப்படுவார், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அடைக்கலம் இல்லை. இதைப் போர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

தப்பியவர்களை முகாம்கள் விழுங்கின. கிளர்ந்தெழுந்த நாமா மக்களுக்கும் அதே கதி. லூடெரிட்ஸ் துறைமுகத்தை ஒட்டிய ஷார்க் தீவில் குளிரும் பட்டினியும் கட்டாய வேலையும் அவர்களைக் கொன்றன. இறந்தவர்களின் மண்டையோடுகள் 'இன ஆராய்ச்சி'க்கென்று பெர்லினுக்குக் கப்பலேறின; சதையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலை கைதிப் பெண்கள் தலையிலேயே விழுந்தது. ஹெரேரோக்களில் ஐந்தில் நான்கு பேரும், நாமாக்களில் பாதிப்பேரும் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுடைய நிலம் அரசாணையால் பறிமுதலாயிற்று. நமீபியாவின் பெரும் பண்ணைகள் இன்றும் பெரும்பாலும் வெள்ளையர் கையில்தான் இருக்கின்றன.

2021 மே மாதத்தில் ஜெர்மனி இதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 'இன்றைய பார்வையில்' என்றொரு அடைமொழியைச் சேர்த்துக்கொண்டது. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகவும் சொன்னது. அதற்கு இழப்பீடு என்று பெயரிட மறுத்தது. பேச்சுவார்த்தை இரு அரசுகளுக்கு இடையே நடந்தது. தங்கள் பாரம்பரியத் தலைமைகளுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று ஹெரேரோ, நாமா அமைப்புகள் அந்த உடன்பாட்டை நிராகரித்தன. அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது.

1904இல் இனப்படுகொலைக்கு எதிரான சட்டம் இல்லை என்பது பெர்லினின் வாதம். யூதர்களை நாஜிகள் கொன்றபோதும் அப்படியொரு சட்டம் இல்லை, ஐ.நா. உடன்படிக்கை வந்ததே 1948இல்தான். ஆயினும் 1952இல் மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுடன் மட்டுமல்ல, அரசே அல்லாத யூத அமைப்பு ஒன்றுடனும் உட்கார்ந்து பேசி, லக்சம்பர்க்கில் இழப்பீட்டுக்குக் கையெழுத்திட்டது. கொடுமை நடந்த நாளில் இஸ்ரேல் என்ற நாடே இருக்கவில்லை. அன்று சட்டப் புத்தகம் தடையாக நிற்காதபோது, ஆப்பிரிக்கர்களுக்கு மட்டும் ஏன் நிற்கிறது?

ஜெர்மனி அந்த அடைமொழியை நீக்க வேண்டும். தரும் பணத்தை இழப்பீடு என்றே அழைக்க வேண்டும். பறிபோன நிலத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்ப்பதற்கே அதில் முதல் பங்கு ஒதுக்கப்பட வேண்டும். ஹெரேரோ, நாமா பிரதிநிதிகள் சமமாக அமர்ந்து கையெழுத்திடாத எந்த ஒப்பந்தத்தையும் நமீபிய நாடாளுமன்றம் ஏற்கக் கூடாது.