அன்றாடக் கணக்கும் அட்சரகணிதமும்

அட்சரகணிதம் பரீட்சைக்கு மட்டுமே உரியது, வாழ்க்கைக்கு உதவாதது என்று நம் மாணவருட் பலர் கருதுகின்றனர். இக்கருத்துத் தவறானது என்பதே என் துணிபு.

கி.பி. 820ஆம் ஆண்டளவில் பக்தாத் நகரில் அல் குவாரிஸ்மி என்னும் பேரறிஞர் இத்துறையில் ஒரு நூல் இயற்றினார். அதன் பெயரிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்ற அறபுச் சொல்லே ‘அல்ஜிப்ரா’ ஆயிற்று. அந்நூலின் ஒரு பெரும் பகுதி மரணசாசனத்தையும் வாரிசுப் பங்கீட்டையும் பற்றியது. நம் கணக்கதிகாரமும் நெல், பொன், நிலம் ஆகியவற்றின் கணக்குகளையே பேசுகின்றது.

கல்முனைக்குடியில் இன்றும் எழக்கூடிய வினா ஒன்றைக் காண்போம். ஒருவர் மனைவியையும் இரு புதல்வரையும் ஒரு புதல்வியையும் விட்டு இறக்கின்றார். வேறு வாரிசு இல்லை. கடனும் சாசனமும் தீர்ந்தபின் எஞ்சிய வயற்காணி 40 ஏக்கர். இஸ்லாமிய முறைப்படி மனைவிக்கு எட்டிலொன்று, அஃதாவது 5 ஏக்கர். மீதி 35. மகளின் பங்கை ‘ப’ என்க. மகன் ஒவ்வொருவனுக்கும் அதன் இருமடங்கு, 2ப. ஆகவே 5ப = 35; ப = 7. மகளுக்கு 7 ஏக்கர். மகன்மாருக்குத் தலா 14. கூட்டினால் 40 ஆதல் காண்க.

இங்கே கடினமானது வகுத்தல் அன்று. அறியாததற்கு ஒரு பெயரிட்டு, அறிந்ததனோடு அதனைத் தொடர்புபடுத்தலே கடினம். அதிற் பிழைத்தால் இழக்கப்படுவது பரீட்சைப் புள்ளியன்று. ஒரு பெண்ணின் காணி.

ஆசிரியப் பெருந்தகைகளுக்கு ஒரு வேண்டுகோள். சூத்திரத்தை முதலிற் கொடாதீர்கள். வினாவை மாணவன் தன் சொந்தத் தமிழிற் சொல்லட்டும். பின்னர் அதனைச் சமன்பாடாக எழுதட்டும். வாக்கியம் விளங்கியவனுக்குச் சமன்பாடு அச்சந் தராது.