பெயரில் என்ன வெட்கம்?



குளித்துவிட்டுத் துண்டில்லாமல் ஓடிவரும் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்து நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "சீ, சேம் சேம்!" என்கிறோம். குழந்தையும் கையால் மறைத்துக்கொண்டு ஓடுகிறது, எல்லாரும் சிரிக்கிறோம். நாளடைவில் அதுவே அந்த உறுப்பின் பெயராகிவிடுகிறது. மலாய் மொழியிலும் இப்படித்தான். 'மாலு' என்றால் வெட்கம். அதிலிருந்து பிறந்ததுதான் 'கெமாலுவான்'.

கண், மூக்கு, முழங்கால் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்கு மட்டும் வெட்கம் என்று பெயர் வைத்தால், நாளை அங்கே ஒருவன் கைவைக்கும்போது குழந்தை என்ன நினைக்கும்? வெட்கக்கேடு தன்னுடையது என்றுதான் நினைக்கும். வாய் திறக்காது. அப்படியே திறந்து, "மாமா சேம் சேம் பண்ணினார்" என்றால், "நீ ஒழுங்கா உடுப்பைப் போடு" என்று அடுப்படியில் இருந்தபடியே பதில் சொல்லி அனுப்பிவிடுவோம்.

ஆகவே மார்பு, பிறப்புறுப்பு, பிட்டம் என்று நேராகவே சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் நலக்கல்விப் பாடத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். முதல் நாள் வகுப்பே சிரிக்கும். இரண்டாம் வாரம் யாரும் சிரிப்பதில்லை. "டீச்சர் கெட்ட வார்த்தை சொல்லித் தருகிறார்" என்று வருத்தப்படும் பெற்றோரும் உண்டு. தன் உடம்பின் பெயர் எப்படிக் கெட்ட வார்த்தையாகும்?

ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். விருந்து வீடுகளில் பையனின் கால்சட்டையைப் பிடித்திழுத்து, "எங்கே, காட்டு பார்ப்போம்" என்று விளையாடும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவன் அழ அழ நாம் சிரிக்கிறோம். தன் உடம்பு ஊருக்கு விளையாட்டுப் பொருள் என்ற பாடத்தை அவன் அங்கேதான் படிக்கிறான்.

இன்னொன்று. "பெரியவர்கள் சொன்னால் கேட்கவேண்டும்" என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலோர் முன்பின் தெரியாதவர்கள் அல்லர். அண்டை அயலார், உறவினர், வீட்டுக்கு வந்து போகிறவர். முத்தம் கொடுக்க மனமில்லாமல் பின்வாங்கும் குழந்தையின் தொடையைக் கிள்ளி, "கொடு, மாமா கோவிச்சுக்குவார்" என்று தள்ளிவிட்டால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையையே பறித்துவிடுகிறோம். கைகூப்பி வணக்கம் சொன்னால் மாமாவுக்கு மரியாதை குறைந்துவிடுமா?

தன் உடம்பு தன்னுடையது என்று தெரிந்து வளர்ந்த பெண், பதினைந்து வயதில் ஒருவன் கைப்பேசியில், "உண்மையான அன்பு இருந்தால் படம் அனுப்பு" என்று கேட்கும்போது, அன்புக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்பாள். படிப்பு முடியட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று ஒதுங்கி நிற்பதும் அவளுக்குப் பயத்தால் வந்ததாக இராது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தைக் கையில் வைத்திருப்பதே 2017ஆம் ஆண்டு நம் நாட்டில் வந்த சட்டப்படி குற்றம் என்பதையும் மகன், மகள் இருவருக்கும் சொல்லிவையுங்கள்.

குழந்தை வந்து சொன்னால், முதலில் நம்புங்கள். "ஏன் அங்கே போனாய்?" என்ற கேள்வி வேண்டாம். "சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்பது போதும். சாட்சி யாருமில்லையே என்று தயங்கவேண்டாம். அதே சட்டத்தின்படி, குழந்தையின் வாக்குமூலத்தை மட்டுமே கொண்டும் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கலாம். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. குடும்ப மானம் என்று மூடிமறைக்கச் சொல்லும் பெரியப்பாக்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பதற்றத்தில் பிள்ளையை உடனே குளிப்பாட்டி, உடுப்பைத் துவைத்துவிடாதீர்கள். தடயம் போய்விடும். உடுத்திய துணியோடு அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போலீசிலும் புகார் செய்யுங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணுக்கு இரவானாலும் பகலானாலும் அழைக்கலாம்.