பழைய கிதாருக்கு என்ன விலை?



பழைய பொருளை விற்கும்போது அதன் குறையைச் சொல்லி விற்பவர் ஏமாளியா? போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையால்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. சண்டைக்குக் காரணம் என் மாமாவின் எலக்ட்ரிக் கிதார்.

மாமா இன்னிசைக் குழுவில் கிதார் வாசித்தவர். திருவிழா, கல்யாணம் என்று ஊர் ஊராகப் போவார். 2014-இல் யமஹா பசிபிகா கிதார் ஒன்றை 16,000 ரூபாய்க்கு வாங்கினார். 2020-இல் கொரோனா வந்து திருவிழாக்கள் நின்றபோது குழுவும் கலைந்துவிட்டது. இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டப் பணம் இல்லாததால் கிதாரை விற்க முடிவு செய்தார்.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஒருமுறை மீட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஏகப்பட்ட கீறல், கம்பியெல்லாம் துரு. அஞ்சாயிரம் தரேன்" என்றார். மாமா பேசாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்குத்தான் கோபம் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கீறலால் சத்தம் கெடாது. துருப்பிடித்த கம்பியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், சில நூறு ரூபாய்தான் ஆகும். வால்யூம் குமிழைத் திருகினால் கரகர என்று கேட்கிறதா? பெரும்பாலும் உள்ளே தூசி இருக்கும், சுத்தம் செய்தால் போதும்.

பார்க்க வேண்டியது கழுத்தை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்க்கணும். லேசான வளைவு என்றால் பயமில்லை. கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது, அதைச் சாவி போட்டுத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் அப்படிச் சரியாகாது.

அடுத்தது ஃபிரெட். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள். மாமாவின் கிதாரில் 22 இருக்கின்றன. ஆறு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டணும். மொத்தம் 132 இடம். இரைச்சலாகக் கேட்கும் இடத்தில் தேய்மானம் இருக்கலாம்.

கடைசியில் பிக்கப். காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள்தான் அது. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் உண்டாகிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுதான். மூன்று பிக்கப்பும் வேலை செய்கிறதா என்று ஸ்விட்சை மாற்றி மாற்றிக் கேட்கணும்.

"மணப்பாறைச் சந்தையில மாட்டுக்குப் பல்லைப் பாக்குற மாதிரிதான்" என்றார் தாத்தா. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. காசு கொடுத்து வாங்குவதைப் பார்க்கலாமே!

பிறகு பக்கத்து ஊரிலிருந்து பாலிடெக்னிக் படிக்கும் ஓர் அண்ணன் வந்தார். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறிச் சேர்த்த காசு அவருடையது. மாமா 9,000 ரூபாய் சொன்னார். அவரும் சரி என்று பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார். அப்போது மாமா, "தம்பி, கொஞ்சம் இரு. முதல் மூணு ஃபிரெட் தேஞ்சிருக்கு. அதைச் சரிபண்ண ரெண்டாயிரம் ஆகும். நீ ஏழாயிரம் குடு போதும்" என்றார்.

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டார். "ஏண்டா, நீ சொல்லலேன்னா அவனுக்குத் தெரியவா போகுது? இன்சூரன்சுக்கு மீதியை யாரு தருவா?" கடைசியில் அம்மாதான் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தார். அம்மா சொன்னதையும் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் 2,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை.

ஆனாலும் மாமா செய்ததுதான் சரி என்பது என் கருத்து. இல்லாத குறையைப் பெரிதாக்கி விலையைக் குறைத்தார் கடைக்காரர். இருக்கிற குறையை மறைத்து விலையை ஏற்றினால் நாமும் அவரும் ஒன்றுதானே? அந்த 2,000 ரூபாயை யாராவது ஒருவர் கொடுத்துத்தான் ஆகணும். தேய்த்தது மாமாவின் விரல். அதற்குப் பந்தி பரிமாறியவர் ஏன் காசு கொடுக்கணும்? விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒரே விஷயம் தெரிந்த பிறகு பேசுவதுதான் விலை.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். ஜூன் மாதம் என் எட்டாம் வகுப்புக் கணக்கு கைடை ஒரு தங்கைக்கு 60 ரூபாய்க்கு விற்றேன். அதில் வடிவியல் பாடத்தில் நான்கு பக்கம் கிழிந்துபோயிருந்தது. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அட்டை போட்டுப் புதுசு மாதிரி கொடுத்தேன்.

அந்தத் தங்கை இதைப் படித்தால் இடைவேளையில் என்னிடம் வரவும். 20 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தையும் தோழியின் கைடைப் பார்த்து எழுதியும் தருகிறேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி