தாத்தா போட்டு வைத்த பணம் எங்கே போகிறது? தேடி மீட்பது எப்படி?

வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய அஞ்சலகச் சேமிப்புப் புத்தகமோ சேமிப்புப் பத்திரமோ கையில் சிக்குகிறது. "அதெல்லாம் இனிமே செல்லாது, தூக்கிப் போடு" என்று யாராவது சொல்வார்கள். போட்டுவிடாதீர்கள். காகிதம் பழசானாலும் அதன் பின்னால் உள்ள பணம் இன்னும் இருக்கலாம்.

ஏன் தொலைகிறது?

இன்றைய ஷா ஆலம் ஒரு காலத்தில் தோட்டப் பகுதி. தோட்டங்கள் போய் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் வந்தபோது, அங்கிருந்த குடும்பங்கள் வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்தன. வங்கியில் பதிவாகியிருந்ததோ பழைய தோட்ட முகவரி. அந்த முகவரிக்குப் போகும் கடிதம் யார் கையிலும் சேராது.

1965-ஆம் ஆண்டு கோரப்படாத பணச் சட்டப்படி, 7 ஆண்டுகள் அசைவில்லாமல் கிடக்கும் வங்கிச் சேமிப்பு, தலைமைக் கணக்காளர் துறையில் உள்ள பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். மலாய் மொழியில் இதுதான் 'வாங் தாக் டிதுந்துத்'. அங்கே 1,000 கோடி வெள்ளிக்கும் மேல் தேங்கிக் கிடக்கிறது. உரியவர் எப்போது வேண்டுமானாலும் கோரலாம், காலக்கெடு இல்லை. ஆனால் அங்கே போன பணத்துக்கு வட்டியும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் விலைவாசி ஏற ஏற, அந்தப் பணத்தின் மதிப்பு குறைந்துகொண்டே போகிறது.

அரசாங்கப் பத்திரம் வாங்கியிருந்தால்?

2009-இல் வந்த சுக்குக் சிம்பானான் ராக்யாட், 2020-இல் வந்த சுக்குக் பிரிஹாத்தின் போன்றவற்றில், முதிர்வுக் காலம் முடிந்ததும் பணம் வாங்கியவரின் வங்கிக் கணக்குக்குப் போனது. எனவே பத்திரத்தைத் தேடுவதைவிட, அது எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டது என்று தேடுங்கள். அந்தக் கணக்கே தூங்கிப் போயிருக்கலாம்.

எங்கே தேடுவது?

ஒரே இடத்தில் தேடிவிட்டு "ஒண்ணும் இல்ல" என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்று கதவுகளைத் தட்டிப் பாருங்கள்.

• தலைமைக் கணக்காளர் துறையின் 'இ-குமிஸ்' இணையத்தளம். அடையாள அட்டை எண்ணைக் கொண்டு இலவசமாகத் தேடலாம்.

• பேங்க் சிம்பானான் நேஷனல் (பிஎஸ்என்). 1974 டிசம்பரில் தொடங்கிய இந்த வங்கிதான் பழைய அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பொறுப்பை ஏற்றது. அஞ்சலகப் புத்தகமோ பிரிமியம் சேமிப்புச் சான்றிதழோ இருந்தால் இங்கே கேளுங்கள்.

• ஊழியர் சேமநிதி வாரியம் (இபிஎஃப்). உறுப்பினருக்கு 100 வயதாகும் வரை பணம் இங்கேதான் இருக்கும். அதனால் இ-குமிஸில் அது தெரியாது.

முக்கியமான ஒன்று: 12 இலக்க அடையாள அட்டை எண் 1990-இல்தான் வந்தது. அதற்கு முன் திறந்த கணக்குகள் பழைய எண்ணில் இருக்கலாம். பெயரோ 'சுப்ரமணியம்', 'சுப்பிரமணியம்', 'சுப்பையா' என்று எழுதியவர் கைக்கேற்ப மாறியிருக்கும். பெயரை நம்புவதைவிடப் பழைய எண்ணைத் தேடி எடுப்பது நல்லது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பழைய இபிஎஃப் அறிக்கை ஆகியவற்றில் அது இருக்கும்.

உரியவர் இறந்துவிட்டால்?

உண்மையான சிக்கல் இங்கேதான். புத்தகம் கையில் இருப்பதால் மட்டும் பணம் உங்களுடையது ஆகிவிடாது. மரணச் சான்றிதழோடு, சொத்தை நிர்வகிக்க உங்களுக்கு அதிகாரம் தரும் ஆவணமும் தேவைப்படும். அதை உயர்நீதிமன்றத்தில் பெறலாம். அமானா ராயா மூலமும் வழி உண்டு. வீடு, நிலம் உட்பட மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால், நிலம், கனிமவளத் துறையின் சிறு சொத்துப் பகிர்வுப் பிரிவை நாடலாம்.

உயில் இல்லாத முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தீபகற்ப மலேசியாவில் 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். பெற்றோர் உயிரோடு இல்லை என்றால், கணவன் அல்லது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பத்திரத்தைக் கண்டெடுத்த பேரனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. 300 வெள்ளிக்காக இத்தனை அலைச்சலா என்று பல குடும்பங்கள் விட்டுவிடுவதும் இதனால்தான்.

"நாங்க எடுத்துத் தர்றோம்" என்றால்?

கவனம். தேடுவதற்கும் கோருவதற்கும் துறை கட்டணம் வாங்குவதில்லை. "உங்க பேர்ல பணம் இருக்கு, முதல்ல கட்டணம் கட்டுங்க" என்று வரும் புலனச் செய்தியை நம்பி வங்கி விவரத்தைக் கொடுக்க வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 997-க்கு அழையுங்கள்.

பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போது இதெல்லாம் ஒரு மதிய நேரத்து வேலை: அவர்களே தங்கள் அட்டையைக் கொண்டு தேடிக் கோரலாம். அவர்கள் போன பிறகு அதே பணத்துக்கு உடன்பிறந்தவர்களின் கையெழுத்தும் அலுவலகப் படிகளும் தேவைப்படும். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: பழைய அட்டை எண் என்ன? எந்தெந்த வங்கியில் கணக்கு இருந்தது? இபிஎஃப்-இல் வாரிசாக யார் பெயர் இருக்கிறது?