பாட்டிக்கும் பார்வை வேணும்!

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் வரணும். ஏழைகளுக்கு எட்டாத விலை. புரை ஆபரேஷன் செய்தவர்கள் பலர் சோடாபுட்டி கண்ணாடியோடுதான் காலம் தள்ளினார்கள். 1976ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் துவக்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992ல் 'ஆரோலேப்' மூலம் அந்த லென்ஸை உள்ளூரிலேயே தயாரித்தது. விலை மளமளவென்று இறங்கியது. வசதி உள்ளவர்கள் கட்டணம் கட்ட, இல்லாதவர்களுக்கு இலவச சிகிச்சை. அங்கே டாக்டர்களுக்குத் துணை நிற்பவர்களில் ஏராளமானோர் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் என்பது நமக்கெல்லாம் பெருமை!

விஞ்ஞானம் வாசல் வரை வந்தாச்சு. வீட்டுக்குள் வரத்தான் தயக்கம். எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். தாத்தாவுக்குப் பார்வை மங்கினால் உடனே டாக்டர். பாட்டியோ, "நான் இனிமே படிச்சு கலெக்டராகவா போறேன்?" என்று, அரிசியில் கல் தெரியாமல் தடவிக்கொண்டிருப்பார். வீட்டாரும் 'பொங்கல் கழியட்டும்' என்று தள்ளிப் போடுகிறார்கள்.

சகோதரிகளே! புரை முற்றட்டும் என்று காத்திருந்ததெல்லாம் அந்தக் காலம். பாட்டி தானாகக் கேட்க மாட்டார். அடுத்த கண் சிகிச்சை முகாமுக்கு நீங்களே கையோடு அழைத்துப் போங்கள்.

- ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.